கிலிமஞ்சாரோ மலையேற்றமும் நாட்கணக்கும்

மலையேற்றம் என்றவுடன் செங்குத்தான பாறையும், பனிப்பிளவும், கயிறும், இரும்பாணியுமே மனக்கண்முன் தோன்றுவன. அது வலிமை மிக்க சிலர்க்கே கைகூடும் செயல் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். ஆபிரிக்காவின் அதியுயர் மலையாகிய கிலிமஞ்சாரோவைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. 5,895 மீற்றர் உயரமுடைய அதன் உச்சிக்குக் கயிறும் ஆணியுமின்றி நடந்தே செல்லத்தக்க பாதைகள் உள. அவ்வாறிருந்தும் அங்கு செல்வோரிற் பலர் உச்சியைக் காணாது திரும்புகின்றனர். சிலர் உயிரையும் இழக்கின்றனர். அவர்களுள் இளைஞரும் உடற்பயிற்சியிற் சிறந்தோரும் உளர்.

நடந்தே ஏறக்கூடிய மலை வல்லாரையும் வீழ்த்துவது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்போமாயின், அம்மலைக்குச் செல்லத் திட்டமிடுவோர் முதற்கண் கருதவேண்டியது யாது என்பதும் உடன் விளங்கும். மலையின் அமைப்பு, உடலின் இயல்பு, முன்னோரின் அனுபவம் ஆகிய மூன்றின் துணைகொண்டு அவ்விடையை ஆராய்வதும், அதன்வழிப் பயணத் திட்டம் அமையுமாற்றை விளக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையின் அமைப்பு

கிலிமஞ்சாரோ தன்சானியா நாட்டின் வடகிழக்கில், கெனிய எல்லையை அடுத்து, புவிநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 3 பாகையில் அமைந்துள்ளது. அது நீண்ட மலைத்தொடரொன்றின் சிகரமன்று. சமவெளியினின்றும் தனித்தெழுந்த எரிமலையாகும். சீரா, மாவென்சி, கீபோ என்னும் மூன்று எரிமலைக் கூம்புகள் ஒன்றுசேர்ந்து இம்மலையாயின. சீரா மிகப் பழையது. இடிந்து மேட்டுநிலமாய்க் கிடக்கின்றது. 5,149 மீற்றர் உயரமுடைய மாவென்சி அரிப்புண்டு கூரிய பாறைகளாய் நிற்பது. அதனை ஏறுதற்குப் பாறையேற்றப் பயிற்சி வேண்டும். கீபோவே மூன்றிலும் இளையதும் உயர்ந்ததுமாகும். அதன் எரிமலைவாயினின்றும் கந்தக ஆவி இன்றும் கசிகின்றது. அவ்வாயின் தென் விளிம்பில் உள்ளதே அதியுயர் இடம். யேர்மானியர் ஆட்சிக் காலத்தில் தம் பேரரசன் பெயரால் அதனை அழைத்தனர். தங்கனீக்கா 1961 ஆம் ஆண்டு டிசெம்பர் 9 ஆந் திகதி விடுதலை பெற்றபொழுது அங்கே தீப்பந்தம் ஏற்றப்பட்டது. சுவாகிலி மொழியில் விடுதலை எனப் பொருள்படும் உகுறு என்னும் பெயரும் அவ்விடத்திற்கு உரியதாயிற்று.

அடிவாரத்திற் சக்கா மக்களின் வாழைத் தோட்டங்களும் கோப்பித் தோட்டங்களும் காணப்படும். ஏறத்தாழ 1,800 மீற்றரிலிருந்து 2,800 மீற்றர்வரை அடர்ந்த மழைக்காடு. அதற்குமேல் 4,000 மீற்றர்வரை பற்றைகளும் புற்றரையும். பின்னர் 5,000 மீற்றர்வரை பாலை. அதற்கும் மேலே கல்லும் சாம்பலும் பனிக்கட்டியுமே. ஒவ்வோர் 1,000 மீற்றர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறைந்துசெல்லும். ஆகவே இம்மலையில் ஏறுவோர் ஒரு கிழமைக்குள் அயனமண்டலத்தினின்றும் முனைவுப் பகுதிக்குச் சென்றவரை ஒப்பர்.

ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள மரங்கு வாயிலினின்றும் உச்சிவரை உள்ள நடைவழி 40 கிலோமீற்றருக்கும் குறைவானது. அத்தூரத்துள் 4,000 மீற்றர் உயரம் ஏறவேண்டும். பாதையோ பெரும்பாலும் மென்சாய்வானது. பிற உயர்மலைகளிற் பாறையும் பனியும் ஏறுவோனைத் தடுத்துத் தடுத்து மெல்லச் செல்விக்கும். கிலிமஞ்சாரோவில் அத்தகைய தடை இல்லை. உடல் ஏற்கும் வேகத்தினும் கூடிய வேகத்திற் கால்கள் மேலே செல்லுதல் அங்கே கூடும். பாதையின் எளிமையே அம்மலையின் பேராபத்து எனலாம்.

வளியும் உடலும்

உயரமான இடங்களில் வளியிலுள்ள ஒட்சிசனின் விகிதம் குறையும் எனப் பலர் கருதுவர். அது சரியன்று. கடற்கரையிலும் கீபோவின் உச்சியிலும் வளியின் கனவளவில் ஏறத்தாழ 21 வீதம் ஒட்சிசனே. குறைவது வளியின் அமுக்கம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசமாக உள்ள அமுக்கம் உச்சியில் ஏறத்தாழப் பாதியாகின்றது. ஆதலால் அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையிற் கிடைப்பதிற் பாதியளவு ஒட்சிசனே நுரையீரலைச் சேரும்.

இக்குறையை ஈடுசெய்ய உடல் சில வழிகளை மேற்கொள்ளும். முதலாவது, மூச்சு விரைவாகவும் ஆழமாகவும் நிகழ்தல். இது சில மணி நேரத்துள் தொடங்கும். ஆயின் மிகுதியாக மூச்சுவிடும்பொழுது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு அளவின்மீறி வெளியேற, இரத்தம் காரத்தன்மை அடைகின்றது. அக்காரத்தன்மை மூச்சை மீண்டும் அடக்க முயலும். இம்முட்டுப்பாட்டைத் தீர்ப்பன சிறுநீரகங்கள். அவை மிகையான காரத்தைச் சிறுநீருடன் கழித்துவிட, மூச்சு தடையின்றி ஓங்கும். இவ்வேலை முற்றுப்பெறச் சில நாட்கள் செல்லும். செங்குருதிக் கலங்கள் பெருகுதற்கோ கிழமைகள் வேண்டும்.

இந்நாட்களைப் பயிற்சியாற் குறைத்தல் இயலாது. நாள்தோறும் ஓடிப் பழகியவனின் தசையும் இருதயமும் வலியனவாகலாம். அவன் சிறுநீரகங்கள் அதனால் விரைந்து தொழிற்படா. அன்றியும், வலியவன் வேகமாக ஏறித் துன்பத்தை முன்னரே எதிர்கொள்வான். மலைக்குச் செல்லுமுன் சில திங்கள் சுமையுடன் மேட்டுநிலங்களில் நடந்து பழகுதல் கால்களுக்கு நன்மை தரும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தல் தகாது. இலங்கையிலிருந்து செல்லக் கருதுவோர் இதனைச் சிறப்பாக உணர்தல் வேண்டும். எம் நாட்டின் அதியுயர் மலையாகிய பிதுருதலாகல 2,524 மீற்றர் உயரமே உடையது. மரங்கு வழியில் முதலிரவைக் கழிக்கும் மண்டாரா விடுதியோ 2,720 மீற்றரில் உள்ளது. ஆகவே உயரத்திற்கு உடலைப் பழக்குதல் எம் நாட்டில் நிகழத்தக்கதன்று. அங்கு சென்றே நிகழ்தல் வேண்டும்.

உடல் பழகுமுன் ஏறுவோர்க்கு முதலில் தலைவலியும், அதனுடன் குமட்டல், சோர்வு, தலைச்சுற்று என்பனவும் தோன்றும். இவை மலைநோயின் அறிகுறிகள். இந்நிலையில் ஏறாது தங்கினாற் பெரும்பாலும் குணமாகும். பொருட்படுத்தாது ஏறினால் இருவகைப் பேராபத்துகள் நேரலாம். ஒன்று, நுரையீரலில் நீர் கோத்தல். இளைப்பாறும் போதும் மூச்சுத் திணறுதலும் இருமலும் இதன் குறிகள். மற்றையது மூளை வீங்குதல். நடை தள்ளாடுதலும் மனக்குழப்பமும் இதன் குறிகள். இவ்விரண்டிற்கும் முதன் மருந்து உடனே கீழிறங்குதலே. இரவெனினும், உச்சி அருகிலெனினும், இறங்கத் தாமதித்தல் உயிர்க்கு இறுதியாகலாம்.

அசெற்றாசோலமைட்டு என்னும் மருந்து, சிறுநீரகங்கள் காரத்தைக் கழிக்கும் வேலையை முன்கூட்டியே தொடக்கிவைப்பது. வைத்தியரின் ஆலோசனைப்படி அதனை உட்கொள்வோர் பயன்பெறுவர். ஆயினும் அது நாட்களுக்குத் துணையாகுமேயன்றி ஈடாகாது.

முன்னோர் பட்ட அனுபவம்

மருத்துவர் இவ்வுண்மைகளைத் தெளிவாக வகுக்குமுன்னரே நாட்களின் அருமையை ஒருவர் அம்மலையிற் கண்டறிந்தார். அவ்வரலாறு அறியத்தக்கது.

யோகான்னஸ் றெப்மன் என்னும் யேர்மானியப் பாதிரியார் 1848 ஆம் ஆண்டு மே 11 ஆந் திகதி கிலிமஞ்சாரோவின் முடியில் வெண்பனியைக் கண்டார். அவர் எழுதிய செய்தி மறுவருடம் இலண்டனில் வெளிவந்தபொழுது, புவிநடுக்கோட்டருகே பனி இருத்தல் கூடாது எனக் கூறி வில்லியம் டெசுபறோ கூலி என்னும் புவியியலறிஞர் அதனை மறுத்தார். 1861, 1862 ஆம் ஆண்டுகளில் வொன் டெர் டெக்கன் பிரபு மலையை ஆராய்ந்து, ஏறத்தாழ 4,300 மீற்றர்வரை ஏறிப் பனி உண்டென்பதை உறுதிசெய்தார்.

இலைப்சிக் நகரத்து ஹான்ஸ் மேயர் 1887 இல் முதன்முறை ஏற முயன்று, உச்சிக்குக் கீழே பனிக்கட்டிச் சுவரைக் கடக்கும் கருவியின்றித் திரும்பினார். 1888 இல் மீண்டும் புறப்பட்டபொழுது, யேர்மானியர்க்கு எதிராகக் கரையோரத்தில் மூண்ட அபுசிரி கிளர்ச்சியிற் சிறைப்பட்டு, பணயப்பொருள் கொடுத்து மீண்டார். 1889 இல் மூன்றாம் முறை வந்தார். இம்முறை லுட்விக் புர்செல்லர் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் உடன் வந்தார்; அவர் அல்ப்சு மலைகளில் ஏறித் தேர்ந்தவர். மரங்குவின் தலைவர் மறெயலே துணை புரிந்தார். அவ்வூரவரான யொகானி கின்யாலா லவுவோ அப்பயணத்தின் வழிகாட்டியாக இன்றும் தன்சானியாவிற் போற்றப்படுகின்றார்.

மேயரின் மூன்றாம் திட்டத்திற் சிறப்பாயிருந்தது வலிமையன்று, உணவு ஒழுங்கு. உணவு முடிந்தவுடன் கீழிறங்க நேர்வதே முன்னைய முயற்சிகளின் பெருங்குறை என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே மலைச்சரிவிற் படிப்படியாகப் பாசறைகளை அமைத்து, மரங்குவிலிருந்து சில நாட்களுக்கு ஒருமுறை உணவு மேலே வரும்படி ஒழுங்குசெய்தார். ஒக்டோபர் 3 ஆந் திகதி அவரும் புர்செல்லரும் பனியிற் படி வெட்டி ஏறி எரிமலைவாயின் விளிம்பை அடைந்தனர். அதியுயர் இடம் இன்னும் தெற்கே உள்ளதென அங்கே கண்டனர். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, உடலும் களைத்திருந்தது. இருவரும் திரும்பிப் பாசறை சேர்ந்தனர். இளைப்பாறி மீண்டும் ஏறி, ஒக்டோபர் 6 ஆந் திகதி உச்சியில் நின்றனர்.

இவ்விரு திகதிகளுக்கும் இடைப்பட்ட மூன்று நாட்களே இக்கட்டுரையின் சாரம். உச்சி கண்ணுக்குத் தெரியும் நிலையில் திரும்பும் துணிவு அவர்க்கு எவ்வாறு வந்தது? கீழே உணவும் கையில் நாட்களும் இருந்தமையால் வந்தது. நாள் இல்லாதவன் அவ்விடத்திலே திரும்பமாட்டான்.

பாதைகளும் நாட்களும்

உயர்மலை மருத்துவர் இன்று கூறும் பொதுவிதி இது: 3,000 மீற்றருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரம் ஓரிரவிலிருந்து மறு இரவுக்கு 500 மீற்றருக்கு மேல் உயரலாகாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒருநாள் ஏறாது தங்கவேண்டும். இவ்விதியைக் கைக்கொண்டு மரங்கு வழியை அளந்து பார்ப்போம்.

அவ்வழியின் விடுதிகள் மூன்று: மண்டாரா 2,720 மீற்றர், ஹொறொம்போ 3,720 மீற்றர், கீபோ விடுதி ஏறத்தாழ 4,720 மீற்றர். ஐந்துநாட் பயணத்தில் இவை ஒவ்வொன்றிலும் ஓரிரவு தங்கி, நான்காம் நாள் அதிகாலையில் உச்சியை அடைவர். அஃதாவது நாளொன்றுக்கு 1,000 மீற்றர், விதியின் இருமடங்கு. விதிப்படி சென்றால் 2,720, 3,220, 3,720 மீற்றர் உயரங்களில் ஒவ்வோர் இரவும், பின் ஒருநாள் ஓய்வும், 4,220, 4,720 மீற்றரில் இரண்டு இரவுகளும் ஆக, உச்சி நோக்கிப் புறப்படுமுன் ஆறு இரவுகள் கழியவேண்டும். ஐந்துநாட் பயணத்தில் அவ்விரவுகள் மூன்றே. ஹொறொம்போவில் மேலும் ஒருநாள் தங்கி, பகலில் மாவென்சிப் பக்கம் உயர ஏறி, இரவில் விடுதிக்கு மீள்வோர் இக்குறையைச் சிறிது தீர்த்துக்கொள்வர்.

உயர ஏறித் தாழ உறங்குதல் என்னும் இம்முறை மாச்சமே வழியில் இயல்பாகவே அமைந்துள்ளது. அங்கே மூன்றாம் நாட் பயணிகள் 4,600 மீற்றர் உயரத்திலுள்ள எரிகற்குழம்புக் கோபுரம்வரை ஏறி, அன்றிரவு ஏறத்தாழ 3,950 மீற்றரிலுள்ள பறாங்கோவில் உறங்குவர். ஆறு நாட்களிலும் ஏழு நாட்களிலும் இவ்வழியை முடிப்பர், ஏழே நன்று. மேற்கிலிருந்து வரும் லெமொசோ வழிக்கு எட்டு நாட்களும், மலையின் வடபுறத்தைச் சுற்றிச் செல்லும் வழிக்கு ஒன்பது நாட்களும் உகந்தன. காலமும் பொருளும் உடையோர், அருகிலுள்ள ஏறத்தாழ 4,560 மீற்றர் உயரமான மேரு மலையில் முதலில் ஏறி உடலைப் பழக்கிக்கொள்வதும் உண்டு.

இவ்வாறிருக்கப் பலர் ஐந்து நாட்களையே தெரிவதேன்? பூங்கா அதிகாரசபை கட்டணங்களை நாட்கணக்கில் அறவிடுகின்றது. வழிகாட்டிகளின் கூலியும் உணவும் நாளுக்கு நாள் ஏறும். ஒருநாளைக் குறைத்தாற் பெருந்தொகை மிஞ்சும். ஆயினும் கடல்கடந்து சென்று, உடைகளும் கருவிகளும் வாங்கி, அவ்வொருநாட் செலவை மீதப்படுத்தி, உச்சிக்குக் கீழே நோயுற்றுத் திரும்புதல் சிக்கனமாகாது.

பருவமும் இறுதி இரவும்

மார்ச்சு முதல் மே வரை நீண்ட மழையும், நவம்பரை ஒட்டிக் குறுகிய மழையும் பெய்யும். ஆகவே சனவரி, பெப்புருவரி மாதங்களும், யூன் முதல் ஒக்டோபர் வரையுள்ள காலமும் ஏறுதற்கு ஏற்றன. பூரணையை ஒட்டி உச்சியிரவு அமையுமாறு நாளைக் குறிப்போரும் உளர்.

இறுதி ஏற்றம் நள்ளிரவளவில் தொடங்கும். இரவிற் சரளைக்கற்கள் உறைந்து இறுகி இருத்தலும், பகலில் முகில் மூடுமுன் இறங்கவேண்டியிருத்தலும் அதற்குக் காரணங்கள். ஏறத்தாழ 1,200 மீற்றர் ஏறுதற்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் செல்லும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 10 முதல் 20 பாகைவரை தாழலாம். உடுப்பு ஒன்றன்மேல் ஒன்றாக அணியத்தக்கதாயும், உள்ளே கம்பளியும் வெளியே காற்றும் மழையும் புகாத ஆடையுமாக அமைதல் நன்று. நீர்ப்போத்தலைத் தலைகீழாக வைத்தல் வேண்டும். பனிக்கட்டி மேற்புறத்திலேயே முதலில் உண்டாகுமாதலின் வாய் அடைபடாது. உறக்கமின்றி ஏறியவர் அன்றே நெடுந்தூரம் இறங்கவும் வேண்டும். ஆகவே இறங்குதற்குரிய வலுவை மிச்சம் வைத்தே ஏறவேண்டும். எம்மணிக்கு எவ்விடத்தில் நின்றாலும் திரும்புவது என்பதை முன்னரே வழிகாட்டியுடன் முடிவுசெய்தல் அறிவுடைமை. ஒட்சிசன் குறைந்த மூளையின் தீர்ப்பு நம்பத்தக்கதன்று. தெளிந்த மூளை அடிவாரத்திற் செய்த முடிவே நம்பத்தக்கது.

சுமப்போர்

உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி இம்மலையில் ஏற அனுமதியில்லை. வழிகாட்டியுடன் சமையற்காரரும் சுமையாளரும் வருவர். கூடாரம், உணவு, நீர், பயணியின் பொதி யாவும் அவர்களின் தலைமீதும் தோண்மீதுமே மலையேறுகின்றன. ஒருவர் 20 கிலோகிராமுக்கு மேற் சுமத்தல் ஆகாது என்பது விதி. அதன்பொருட்டுப் பொதிகள் நிறுக்கப்படும். பயணிக்கு ஏற்படும் மலைநோயும் குளிரும் சுமையாளர்க்கும் ஏற்படும். போதிய உடையும் காலணியுமின்றிக் குளிரில் இறந்த சுமையாளரும் உளர்.

மிக மலிவான விலை கூறப்படுமிடத்து, அம்மலிவு எங்கிருந்து வருகின்றது என்று வினாவுதல் வேண்டும். பூங்காக் கட்டணம் குறைக்க முடியாதது. குறைக்கக்கூடியன இரண்டே: பயணியின் நாட்கள், சுமையாளரின் கூலி. நியாயமான கூலி, நாளுக்கு மூன்று வேளை உணவு, உறங்கக் கூடாரம், உரிய உடை என்பன அவர்க்குக் கிடைக்கின்றனவா என்று ஒப்பந்தம் செய்யுமுன் கேட்டறிதல் பயணியின் கடமை. கிலிமஞ்சாரோச் சுமையாளர் உதவித் திட்டம் என்னும் அமைப்பு இவற்றைக் கண்காணித்து, ஒழுங்காக நடக்கும் நிறுவனங்களை வெளியிடுகின்றது.

குறைந்துசெல்லும் பனி

இம்மலைக்குச் செல்ல விழைவோரை விரைவுபடுத்தும் காரணமொன்று இக்காலத்தில் உண்டு. 1912 இல் குளூற்றே, ஏலர் என்போர் அளந்து படம் வரைந்தபொழுது ஏறத்தாழ 12 சதுர கிலோமீற்றராயிருந்த பனிக்கட்டிப் பரப்பு, 2011 இல் 2 சதுர கிலோமீற்றரிலும் குறைந்துவிட்டது. 2050 ஆம் ஆண்டளவில் ஆபிரிக்காவின் பனிக்கட்டியாறுகள் யாவும் மறையலாம் என யுனெஸ்கோ 2022 இல் அறிவித்தது. பனி உண்டு என றெப்மன் எழுதியதை அன்று கற்றோர் நம்பவில்லை. அங்கே பனி இருந்தது என நாம் சொல்வதை நாளைய மாணவர் நம்புவரோ அறியோம். ஆகவே காணவிரும்புவோர் பல்லாண்டு பின்போடாது செல்லுதல் நன்றே. அவ்விரைவு புறப்படும் ஆண்டைத் தெரிதலில் இருக்கலாம். மலையில் நடக்கும் நாட்களில் இருத்தலாகாது.

சக்கா வழிகாட்டிகள் பயணிகளுக்கு இடையறாது கூறும் சொல் 'போலே போலே' என்பது. மெல்ல மெல்ல என்பது அதன் பொருள். அது வெறும் உபசார மொழியன்று. சிறுநீரகத்தின் தொழிலையும், மேயரின் மூன்று நாட்களையும், சுமையாளரின் மூச்சையும் ஒருங்கே அடக்கிய அறிவுரை அது. ஆகவே கிலிமஞ்சாரோவுக்குத் திட்டமிடுவோர், காலணியும் கம்பளியும் வாங்குமுன், மலையில் தங்கும் நாட்களின் தொகையை எழுதுக. அதனுடன் இயன்றால் இன்னொரு நாளைக் கூட்டுக. அந்நாள் உச்சியை அடைவிப்பினும் நன்று. உச்சிக்குக் கீழே நின்று அச்சமின்றித் திரும்பும் உரிமையை அளிப்பின் அதனினும் நன்று.